கோழி, ஆட்டோடு வளரும் வாத்துக்குஞ்சும் கூஸ் குஞ்சும்: அறிகுறி பார்த்துக் கோளாறு நீக்கும் வழி

கட்டுத்தரையில் மாடு, பட்டியில் ஆடு, வாசலில் கோழி என்று இருக்கிற தோட்டத்துச் சாளையில் வாத்துக்குஞ்சு சுணங்கினால், என்ன நோய் என்று யோசிப்பதற்கு முன் ஒன்றைக் கேட்டுக்கொள்ளுங்கள்: இது யாருக்கு வைத்த தீனியைத் தின்றது, யாருக்கு வைத்த தண்ணீரைக் குடித்தது? கலந்து வளர்க்கும் இடத்தில் பாதிக் கோளாறுக்கு விடை அங்கேயே கிடைத்துவிடும். கோழிக்கு ஒத்துக்கொள்கிற தீவனம் வாத்துக்குக் காலை முடக்கும். மாட்டுக்கு ஒன்றும் செய்யாத புண்ணாக்கு வாத்துக்குஞ்சின் ஈரலைக் கெடுக்கும்.

எந்த அறிகுறி என்றாலும் முதலில் சீக்குக் குஞ்சைப் பிரித்து ஒரு அட்டைப்பெட்டியிலோ கொடாப்புக்குள்ளோ வையுங்கள். மற்ற குஞ்சுகள் அதன் கண்ணில் பட வேண்டும். அடியோடு தனியாக விட்டால், கூஸ் (நீண்ட கழுத்துள்ள பெரிய வாத்தினம்) குஞ்சு குறிப்பாக, கத்திக் கத்தியே தீனி எடுக்காமல் வாடிவிடும். அடுத்துத் தீவன மூட்டையின் லேபிள், தண்ணீர்த் தட்டின் ஆழம், விளக்கடியின் சூடு மூன்றையும் பாருங்கள். மருந்துக்கடைக்குப் போவது அதற்குப் பிறகுதான்.

நடக்காமல் கால் மடங்கி உட்கார்கிறது

அதிகம் வருகிற புகார் இதுதான். காரணம் ஒன்றல்ல, கால் எப்படி இருக்கிறது என்பதை வைத்துப் பிரிக்க வேண்டும்.

இரண்டு காலும் பக்கவாட்டில் விரிந்து, நீச்சலடிப்பது போல உதைத்தால் தரைதான் கோளாறு. செய்தித்தாள், டைல்ஸ், வழவழப்பான சிமெண்டுத் தரை மூன்றும் ஆகாது. பொரித்த முதல் சில நாட்களில் பிடிமானம் இல்லாவிட்டால் தொடை மூட்டு விலகிவிடும். சொரசொரப்பான ரப்பர் மேட்டை விரியுங்கள். சாக்கு விரித்தால் ஓரத்தை மடித்துத் தைத்து விரியுங்கள். பிரிந்த சணல் நூல் காலில் சுற்றி இறுகினால் அதற்குக் கீழே ரத்தம் ஓடாது. விரிந்த கால்களை, நேராக நிற்கும்போது இருக்கிற இயல்பான இடைவெளியில், சுமார் ஒரு அங்குலம் விட்டு, மெல்லிய ஒட்டு நாடாவால் எட்டு வடிவத்தில் இணைத்துக் கட்டுங்கள். இரண்டு மூன்று நாள் போதும். தினமும் அவிழ்த்துப் பார்த்து மறுபடி கட்ட வேண்டும். கட்டிய குஞ்சை நீர்த்தட்டுப் பக்கம் தனியே விடாதீர்கள், கவிழ்ந்தால் எழாது.

கால் விரியவில்லை, ஆனால் முழங்கால் மூட்டு வீங்கி, கால் வில் போல வளைந்து, நாலு எட்டு வைத்ததும் உட்கார்ந்துவிடுகிறது என்றால் நியாசின் பற்றாக்குறையைச் சந்தேகியுங்கள். பி வைட்டமின்களில் ஒன்றான இது, கோழிக்குஞ்சுத் தீவனத்தில் கிலோவுக்கு 27 முதல் 35 மில்லிகிராம் இருந்தால் கோழிக்குப் போதும். வாத்துக்குஞ்சுக்கு 55, கூஸ் குஞ்சுக்கு 65 வேண்டும். கோழியும் வாத்தும் ஒரே தட்டில் தின்று, கோழி ஓடுகிறது, வாத்து உட்காருகிறது என்றால் இந்தக் கணக்குதான் காரணம். தவிட்டில் நியாசின் நிறைய உண்டு என்று படித்துவிட்டுத் தவிட்டை அள்ளிப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். தானியத்தில் உள்ள நியாசின் பெரும்பகுதி பிணைந்து கிடப்பது. குஞ்சின் குடலால் அதை எடுக்க முடியாது.

செய்ய வேண்டியது:

1. மருந்துக்கடையில் பி-காம்ப்ளெக்ஸ் மாத்திரை வாங்கும்போது லேபிளில் நிகோடினமைடு அல்லது நியாசினமைடு எத்தனை மில்லிகிராம் என்று பாருங்கள். 100 மில்லிகிராம் உள்ள ஒரு மாத்திரையைப் பொடித்து 3 லிட்டர் குடிநீரில் கரைத்து வையுங்கள். தினமும் புதிதாகக் கலக்க வேண்டும். குஞ்சுகளுக்கு அன்றைக்கு வேறு தண்ணீர் எட்டக்கூடாது. ஆட்டுத் தொட்டி பக்கத்தில் இருந்தால் மருந்துத் தண்ணீரைத் தொடாது.
2. தீவனத்தில் கிலோவுக்கு 50 கிராம் கால்நடைத் தீவன ஈஸ்ட் தூள் கலந்து, தூள் அடியில் தங்காமல் இருக்க லேசாகத் தண்ணீர் தெளித்துப் பிசறி வையுங்கள். ரொட்டி உப்ப வைக்கிற பேக்கரி ஈஸ்ட் உயிரோடு இருப்பது, அது வேண்டாம்.
3. இதை 8 முதல் 10 வாரம் வரை தொடருங்கள். கால் சரியானதும் நிறுத்தினால் எடை ஏறும் நேரத்தில் மறுபடி மடங்கும்.

ஆரம்பத்தில் பிடித்தால் இரண்டு மூன்று நாளில் எழுந்து நிற்கும். மூட்டின் பின்னால் இருக்கும் தசைநாண் பக்கவாட்டில் நழுவி, கால் முறுக்கிக்கொண்ட பிறகு எந்த வைட்டமினும் நேராக்காது.

மூன்றாவது, நாமக்கல் வட்டாரத்தில் அதிகம் நடப்பது: முட்டைக்கோழித் தீவனம் எளிதில் கிடைக்கிறது என்று அதைக் குஞ்சுக்கும் போடுவது. முட்டைக்கோழித் தீவனத்தில் சுண்ணாம்புச் சத்து 3.5 முதல் 4 சதவீதம். குஞ்சுக்கு 1 சதவீதமே தாராளம். மிச்சத்தை வெளியேற்ற முடியாமல் சிறுநீரகம் பழுதாகும். வெள்ளையாகச் சுண்ணாம்புக் கழிச்சல், மூட்டு வீக்கம், பிறகு ஒவ்வொன்றாகச் சாவு. முதல் 3 வாரம் புரதம் 20 முதல் 22 சதவீதம் உள்ள குஞ்சுத் தீவனம், பிறகு 16 சதவீத வளர் தீவனம் என்று மாற்றுங்கள். ரத்தக்கழிச்சல் மருந்து கலந்த கோழித் தீவனத்தைத் தவிர்ப்பது நல்லது. மருந்தின் அளவு கோழி தின்கிற அளவுக்குக் கணக்குப் போட்டது; வாத்துக்குஞ்சு அதைவிட அதிகம் தின்னும்.

ஒற்றைக் கால் மட்டும் தூக்கி வைத்து நொண்டினால் ஆட்டுக் குளம்பு மிதித்திருக்கும். தொட்டுப் பார்த்து எலும்பு ஒடிந்திருந்தால் மருத்துவரிடம் கொண்டு போங்கள். வீக்கம் மட்டும் என்றால் மெத்தென்ற படுக்கையில் ஒரு வாரம் ஓய்வு போதும்.

தீனி எடுக்காமல் சுருண்டு, தள்ளாடி, கழுத்தைப் பின்னால் வளைத்து வெட்டி இழுத்துச் சாகிறது

ஒரே நாளில் இரண்டு மூன்று குஞ்சுகள் இப்படிப் போனால் தீனித் தட்டை உடனே எடுத்துவிடுங்கள். பூசண நச்சாக இருக்க வாய்ப்பு அதிகம். கடலைப் புண்ணாக்கும் மக்காச்சோளமும் இல்லாத தோட்டம் கொங்குப் பக்கம் குறைவு. இரண்டிலும் வளர்கிற ஒரு பூசணம் அஃப்ளாடாக்சின் என்ற நச்சைச் சுரக்கும். 1960இல் இங்கிலாந்தில் லட்சத்துக்கு மேற்பட்ட வான்கோழிக் குஞ்சுகள் காரணம் தெரியாமல் செத்தபோது, பிரேசிலில் இருந்து வந்த கடலைப் புண்ணாக்குதான் அதன் மூலம் என்று கண்டுபிடித்தார்கள். வாத்துக்குஞ்சுகளும் கூடவே செத்தன. பிறகு பல காலம், ஒரு தீவனத்தில் இந்த நச்சு இருக்கிறதா என்று பார்க்க ஒருநாள் வயது வாத்துக்குஞ்சுக்கே கொடுத்துச் சோதித்தார்கள். வளர்ப்புப் பறவைகளில் அவ்வளவு எளிதில் அடிபடுவது அது. அதனால்தான் மாடு சினையோடு நன்றாக இருக்கிறது, கோழி முட்டை விடுகிறது, அதே மூட்டையைத் தின்ற வாத்துக்குஞ்சு மட்டும் சாகிறது.

உறுதிப்படுத்த: கால், விரலிடைத் தோல், அலகு ஆகியவற்றில் ஊதா நிறம் பாய்ந்திருக்கும். இறகு சரியாக முளைக்காது. ஒன்றையொன்று இறகு பிடுங்கும். செத்ததை அறுத்துப் பார்த்தால் ஈரல் வெளிறி வீங்கியோ, ரத்தப் புள்ளியோடோ இருக்கும். மூட்டைக்குள் கையை விட்டால் நடுவில் வெதுவெதுப்பாக இருக்கும், கட்டி தட்டியிருக்கும், மக்கிய வாடை வரும். ஆனால் ஒன்று: பூசணம் கண்ணுக்குத் தெரியாத மூட்டையிலும் நச்சு இருக்கலாம். வெயிலில் காயப்போட்டால் பூசணம் சாகும். ஏற்கெனவே சுரந்த நச்சு போகாது. வேகவைத்தாலும் போகாது.

இதற்கு முறிமருந்து கிடையாது. தீவனத்தை அடியோடு மாற்றி, வேகவைத்த முட்டையை மசித்தும் நொய்யரிசிச் சோறும் நான்கைந்து நாள் கொடுத்து, மருத்துவர் சொல்கிற ஈரல் டானிக்கைக் குடிநீரில் சேருங்கள். லேசாகப் பாதித்தவை தேறும், ஆனால் வளர்ச்சி பின்தங்கும். கெட்ட மூட்டையை "மாட்டுக்காவது போடலாம்" என்று திருப்பி விடாதீர்கள். கறவை மாடு தின்றால் நச்சின் ஒரு பகுதி பாலில் இறங்கும்.

இனி வராமல் இருக்க, குஞ்சுகளுக்குக் கடலைப் புண்ணாக்கே வேண்டாம் என்பதுதான் எங்கள் முடிவு. புரதத்துக்குச் சோயாப் புண்ணாக்கு இருக்கிறது. மக்காச்சோளத்தைக் கடித்தால் நொறுங்க வேண்டும். நசுங்கினால் ஈரம் அதிகம், மூட்டை பிடிக்கக்கூடாது. மூட்டைகளைத் தரையிலிருந்து அரை அடி உயரப் பலகை மேல், சுவரை விட்டு ஒரு அடி தள்ளி அடுக்குங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஒரு வாரத் தீவனத்துக்கு மேல் வாங்கி வைக்காதீர்கள்.

மாட்டுத் தொட்டியில் வேறு ஆபத்தும் உண்டு. பருத்திக்கொட்டையில் உள்ள காசிபால் என்ற பொருள் குஞ்சுகளுக்கு ஆகாது. ஆமணக்குப் புண்ணாக்கு உரத்துக்கு வாங்கியது. அதில் ஒரு சிட்டிகைகூட எந்தப் பறவை வாயிலும் படக்கூடாது. வாழைக்கும் தென்னைக்கும் இடுகிற குருணை மருந்தை வாத்து தானியம் என்றே நினைத்துப் பொறுக்கும். குருணை தின்றால் எச்சில் ஒழுகும், உடம்பு நடுங்கும், சாவு மணிக்கணக்கில். யூரியாக் குருணையையும் அப்படியே பொறுக்கும். இட்ட இடத்தைப் பூட்டி வைக்க முடியாது; குஞ்சுகளைத்தான் அடைத்து வைக்க வேண்டும்.

கழுத்து நிற்காமல் துவண்டு தொங்குகிறது

மேலே சொன்னதற்கும் இதற்கும் வித்தியாசம் உண்டு. இங்கே வலிப்பு இல்லை, விறைப்பு இல்லை. முதலில் கால் தளரும், பிறகு இறக்கை, கடைசியில் கழுத்து. கண் விழித்திருக்கும். பொட்டுலிசம் என்ற அழுகல் நச்சு இது. செத்த உயிர் அழுகிய இடத்தில் மேய்ந்த புழுவைத் தின்பதால் வருவது. கோழிப்பண்ணை எருவை வண்டி வண்டியாக இறக்கிக் குவிக்கிற காடுகளில், எருவுக்குள் செத்த கோழி ஒன்று கிடந்தால் போதும். புழுவுக்கு எதுவும் ஆகாது; அதைப் பொறுக்கிய வாத்து விழும். சித்திரை, வைகாசியில் வற்றிய குட்டையின் சேறும் இதே ஆபத்து.

விழுந்த குஞ்சை நிழலில் வைத்து, தலை தண்ணீரிலோ உமியிலோ புதையாமல் துணிச்சுருள் மேல் சாய்த்து வையுங்கள். விழுங்க முடியாத வாயில் தண்ணீர் ஊற்றினால் நுரையீரலுக்குப் போகும். குழாய் போட்டு இறக்கத் தெரிந்த மருத்துவரே செய்யட்டும். 48 மணி நேரம் தாண்டியவை பெரும்பாலும் பிழைக்கும். மற்றவற்றை அன்றே அடைத்து, பிணத்தைத் தேடி எடுத்து எரியுங்கள் அல்லது சுண்ணாம்பு போட்டு ஆழப் புதையுங்கள். அந்த எருக்குழிப் பக்கம் மாட்டையும் விடாதீர்கள். மாட்டுக்கும் இதே நச்சு வரும்.

கண் ஒட்டிக்கொண்டு, மூக்குத் துளை அடைத்திருக்கிறது

நோய் என்று நினைத்து ஆண்டிபயாட்டிக் ஊற்றுவதற்கு முன் தண்ணீர்த் தட்டைப் பாருங்கள். கோழிக்குஞ்சுக்கு வைக்கிற வளையத் தட்டில் ஒரு விரல் ஆழமே இருக்கும். வாத்து அலகை முழுதும் அமிழ்த்தி, மூக்குத் துளை வழியே நீரை ஊதித்தான் தன்னைச் சுத்தம் செய்துகொள்ளும். முதல் வாரத்தில் இரண்டு அங்குல ஆழம், மூன்றாவது வாரத்தில் நான்கு அங்குலம் வேண்டும். தலை முங்க வேண்டும், உடம்பு முங்கக்கூடாது. பழைய வாளியின் பக்கச் சுவரில் அலகு நுழைய ஓட்டை வெட்டி மூடி போட்டு வைத்தால் இரண்டும் கிடைக்கும். வெதுவெதுப்பான நீரில் உப்பு ஒரு லிட்டருக்கு 9 கிராம் கலந்து, பஞ்சால் கண்ணைத் துடைத்து விடுங்கள். ஆழம் சரியான பிறகும் இரண்டு நாளில் கண் தெளியாமல், தும்மலும் மூச்சிரைப்பும் சேர்ந்தால் மருத்துவரைப் பாருங்கள். உமித் தூசியும், மூத்திர வாடை ஏறிய படுக்கையும் இதே கண்ணீரை வரவழைக்கும். முகத்தைத் தரையோடு வைத்து மூச்சிழுத்துப் பாருங்கள். உங்கள் கண் எரிந்தால் குஞ்சுக்கும் எரியும்.

நனைந்து விறைத்துக் கிடக்கிறது

தாயோடு வளர்கிற குஞ்சுக்குத் தாயின் இறகிலிருந்து எண்ணெய் ஒட்டும். விளக்கடியில் வளர்கிறதற்கும், அடைக்கோழி பொரித்ததற்கும் அது இல்லை. வாத்து முட்டையைக் கோழிக்கு அடை வைப்பது நம் பக்கம் பழைய வழக்கம். 28 நாள் ஆகும், கோழி பொறுமையாக உட்காரும். ஆனால் கோழி இறகால் மூடினாலும் குஞ்சுக்கு நீர் ஒட்டாத் தன்மை வராது. மாட்டுத் தொட்டியில் குதித்த குஞ்சு ஏற வழியில்லாமல் சுற்றிச் சுற்றி நீந்திக் களைத்து மூழ்கும். தொட்டிக்குள் செங்கல்லைப் படி போல அடுக்குவது ஐந்து நிமிட வேலை.

விறைத்த குஞ்சைத் துணியால் ஒற்றி, 32 முதல் 35 டிகிரி சூட்டில் வையுங்கள். தலை தூக்கும்வரை வாயில் எதுவும் வேண்டாம். தூக்கிய பிறகு ஒரு லிட்டருக்கு இரண்டு டீஸ்பூன் நாட்டுச்சர்க்கரை கரைத்த தண்ணீரை அலகின் ஓரத்தில் சொட்டாக வையுங்கள், தானாகச் சப்பும். இறகு முழுக்க மூடுகிற 5, 6 வாரம் வரை நீச்சல் என்றால் உங்கள் கண் முன்னால், வெதுவெதுப்பான நீரில், ஐந்து நிமிடம் மட்டும்.

விளக்குச் சூடு முதல் வாரம் 32 டிகிரி, பிறகு வாரம் 3 டிகிரி குறைத்துக்கொண்டே வாருங்கள். குஞ்சுக்கு 2 வாட் என்று கணக்கு. குண்டு பல்புதான் வேண்டும். எல்இடி பல்பு வெளிச்சம் தரும், சூடு தராது. புது வீட்டில் பல்பு எரிந்தும் குஞ்சுகள் குவிந்து நசுங்கிச் சாவதற்கு இதுதான் காரணம். ஒன்றன் மேல் ஒன்று குவிந்து கத்தினால் குளிர், சுவரோரம் ஒதுங்கி வாயைத் திறந்து இரைத்தால் சூடு. கரூர், ஈரோடு பக்கம் சித்திரைப் பகலில் விளக்கே வேண்டாம். நிழலும் தண்ணீரும் போதும். பொள்ளாச்சி, உடுமலை, பல்லடம், தாராபுரம் பக்கம் ஆனி ஆடியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று அடிக்கும்போது வெப்பமானி சரியாகக் காட்டினாலும் குஞ்சு நடுங்கும். மேற்குப் பக்கம் ஒன்றரை அடி உயரத்துக்குப் படுதாவைக் கட்டி, மேலே காற்றோட்டத்துக்கு விடுங்கள்.

கோழிக்குஞ்சு சாகிறது, வாத்துக்குஞ்சு நன்றாக இருக்கிறது

இரண்டையும் ஒரே பெட்டியில் வளர்த்தால் மூன்றாவது வாரத்தில் இது நடக்கும். வாத்து தண்ணீரைச் சிதறிப் படுக்கையைச் சேறாக்கும். அந்த ஈரத்தில் கோழிக்கான ரத்தக்கழிச்சல் கிருமி பெருகும். கோழிக்குஞ்சு ரத்தமாகக் கழிந்து சாகும். அந்தக் கிருமி வாத்தைத் தொடாது. முதல் நாளிலிருந்தே தனித்தனிப் பெட்டிதான் தீர்வு. தண்ணீர்த் தட்டை ஒரு பேசின் மேல் அரை அங்குலக் கம்பிவலை விரித்து அதன் மேல் வைத்தால் சிதறியது பேசினுக்குள் இறங்கும்.

வளர்ந்த கோழிகள் பச்சையும் வெள்ளையுமாகக் கழிந்து, கழுத்தைத் திருகிச் சாகின்றன, வாத்துகள் அசையவில்லை என்றால் வெள்ளைக்கழிச்சல் (ராணிக்கெட்) நோய். வாத்து அந்தக் கிருமியை வெளியே காட்டாமல் சுமந்து பரப்பும். புதிதாக வாங்கிய வாத்தை மூன்று வாரம் தனியே வைத்த பிறகே கோழியோடு விடுங்கள். கோழிகளுக்குக் கால்நடைத் துறை பிப்ரவரியில் நடத்துகிற இருவார முகாமில் தடுப்பூசி போட்டுவிடலாம். மறுபுறம், வாத்து பிளேக் நோய் கோழியைத் தொடாமல் வாத்தையும் கூஸையும் மட்டும் அடிக்கும். அதற்கான தடுப்பூசியை 8 வாரத்துக்கு மேல் போட மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டும், ஏனென்றால் சின்ன மருந்தகங்களில் இருப்பு இருக்காது. கோழி, வாத்து, காக்கை என்று எல்லாமே ஒரே நேரத்தில் கூட்டமாகச் செத்தால் எதையும் தொடாமல் கால்நடைத் துறைக்குத் தகவல் சொல்லுங்கள்.

தண்ணியாகக் கழிகிறது, ஆனால் சுறுசுறுப்பாக இருக்கிறது

வாத்தின் எச்சம் இயல்பிலேயே இளக்கம். படுக்கை ஒரே இரவில் நனைந்தால் போர்த் தண்ணீரைச் சோதியுங்கள். கரைந்த உப்பு லிட்டருக்கு 1,000 முதல் 3,000 மில்லிகிராம் இருந்தால் கழிச்சல் இளகும். 3,000 தாண்டினால் வளர்ச்சி குறையும், சாவும் வரும். கையடக்க உப்புமானியில் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். பெரிய வாத்துக்கும் ஆட்டுக்கும் உப்புத் தண்ணியே இருக்கட்டும். குஞ்சுகளுக்கு முதல் மூன்று வாரமாவது குடிக்க நல்ல தண்ணி கொடுங்கள். குளிக்க எதுவானாலும் சரி.

கழுத்தடி புடைத்து, தீனி இறங்காமல் நிற்கிறது

வாத்துக்குக் கோழி போல முழுமையான இரைப்பை கழுத்தில் இல்லை. உணவுக்குழல்தான் அகன்று கொடுக்கும். உலர் மாவுத் தீவனத்தைத் தண்ணீர் இல்லாமல் தின்றால் அது பசை போல அடைக்கும். தட்டும் தண்ணீரும் எட்டடி தூரத்துக்குள் இருக்க வேண்டும். இரவில் தண்ணீரை எடுத்தால் தீனியையும் எடுத்துவிடுங்கள். பிசைந்த தீவனத்தை வெயில் நாளில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் விடாதீர்கள்; புளித்துவிடும்.

கூஸ் குஞ்சுக்கு அடைப்பது பெரும்பாலும் நார். ஆட்டுக்கு வெட்டிப் போட்ட கம்பு நேப்பியர் தட்டை இழுத்து விழுங்கும், தென்னை நாரையும் பிளாஸ்டிக் கயிறையும் விழுங்கும். அருகம்புல்லின் கொழுந்தில் மேயவிடுவது மேல். நேப்பியர் என்றால் இலையை மட்டும் ஒரு அங்குலத் துண்டுகளாக நறுக்குங்கள். பச்சை கொடுக்கத் தொடங்கும் நாளிலேயே ஒரு கிண்ணம் ஆற்று மணல் வையுங்கள். மணல் இல்லாமல் வயிறு புல்லை அரைக்காது. அடைத்த குஞ்சுக்கு அரை டீஸ்பூன் தேங்காய் எண்ணெய் கொடுத்து, புடைப்பை மேலிருந்து கீழாக மெல்ல நீவி விடுங்கள். தலைகீழாகப் பிடித்து அமுக்கினால் மூச்சுக்குழலில் ஏறிச் செத்துவிடும்.

ஆட்டுக்கு ஒடிக்கிற தழைகளில் அகத்தி, முருங்கை தரலாம். சவுண்டல் (சூபாபுல்) வேண்டாம், அதிலுள்ள மைமோசின் பறவைகளுக்கு நஞ்சு. வேலியோரத்து அரளியைக் கூஸ் எட்டாதபடி வெட்டிவிடுங்கள். அதன் ஒரு சில இலையே சாகடிக்கும்.

இறக்கை நுனி வெளிப்பக்கம் திரும்பி நிற்கிறது

கூஸ் குஞ்சில் மூன்று வாரத்துக்கு மேல் தெரியும். சத்தான தீவனம் அளவு மீறி, புல் குறைந்தால் ரத்தம் நிறைந்த புது இறகுகளின் கனத்தை மூட்டு தாங்காமல் திரும்பிவிடும். அன்றே இறக்கையை இயல்பாக மடித்து, ஒரு அங்குல அகல ஒட்டுக் கட்டால் இறக்கையோடு இறக்கையாகச் சுற்றுங்கள். உடம்பைச் சுற்றி இறுக்க வேண்டாம். 3, 4 நாள், தினமும் ஒருமுறை அவிழ்த்து ஆறவிடுங்கள். கூடவே தீவனத்தை 15, 16 சதவீதப் புரதத்துக்கு இறக்கி, பகல் முழுக்க மேய்ச்சலுக்கு விடுங்கள். ஒரு வாரம் தாமதித்தால் எலும்பு அப்படியே இறுகிவிடும். பறக்காதே தவிர, உயிருக்கு ஒன்றும் இல்லை.

ஆடு வயிறு ஊதிப் படுத்துவிட்டது

வாத்துத் தீவனத்தை ஆடு தின்றிருக்கும். தானியம் ஒரே மூச்சில் இறங்கினால் இரைப்பை புளித்து அமிலமாகும். குடலில் நச்சு பெருகும் துள்ளுமாரி நோய்க்கும் அது வழி திறக்கும். 20 கிலோ ஆட்டுக்கு 20 கிராம் சமையல் சோடாவை அரை லிட்டர் தண்ணீரில் கரைத்து, தலையை நிமிர்த்தாமல் மெல்லக் கொடுத்து, 1962 எண்ணில் நடமாடும் கால்நடை ஊர்தியைக் கூப்பிடுங்கள். குடிக்கத் தண்ணீர் அளவோடு, தின்ன வெறும் சோளத்தட்டு. செம்மறிக்கு இன்னொரு சிக்கல்: கோழித் தீவனத்திலுள்ள செம்புச் சத்து அதன் ஈரலில் சேர்ந்துகொண்டே வந்து ஒருநாள் திடீரென்று காவு வாங்கும். மேச்சேரி ஆடு வைத்திருப்பவர்கள் கவனம்.

தடுப்பு எளிது. குஞ்சுத் தட்டை நான்கு பக்கமும் அடைத்த மரச்சட்டத்துக்குள் வைத்து, கீழே 15 சென்டிமீட்டர் இடைவெளி மட்டும் விடுங்கள். குஞ்சு நுழையும், ஆடு நுழையாது. கூஸ் குஞ்சு வேகமாக வளர்வதால் மூன்றாவது வாரத்தில் இடைவெளியைக் கூட்ட வேண்டியிருக்கும்.

குஞ்சு காணவில்லை, அல்லது கடிபட்டுக் கிடக்கிறது

பகலில் ரத்தமில்லாமல் ஒவ்வொன்றாகக் குறைந்தால் காக்கை, பருந்து, பூனை. இரவில் அப்படி என்றால் பாம்பு, பெருச்சாளி. ஒரே இரவில் பல செத்து, தின்னாமல் கிடந்தால் கீரி, மரநாய், வெருகு அல்லது கட்டவிழ்ந்த நாய். வலையோரம் கால் மட்டும் கடித்து இழுக்கப்பட்டிருந்தால் எலிவகை. கோழிவலையின் ஓட்டை இவற்றுக்கெல்லாம் கதவு போல. அரை அங்குலப் பற்றவைத்த கம்பிவலையை அடிக்கவும். தரைமட்டத்தில் ஒரு அடி அகலத்துக்கு வெளிப்பக்கம் மடித்து மண் மூடவும். தோண்டுகிற உயிர் சுவரடியில்தான் தோண்டும், ஒரு அடி தள்ளித் தோண்டாது.

பெட்டைக்கோழிக்கு முதுகில் இறகு போய்ப் புண்ணாகிறது

ஆண் வாத்து மிதிக்கிறது. சேவலுக்கு இல்லாத இனப்பெருக்க உறுப்பு ஆண் வாத்துக்கு உண்டு. அதனால் பெட்டைக்குள் கிழிந்து சாவதும் நடக்கும். ஒரு ஆண் வாத்துக்கு 5, 6 பெண் வாத்து இருக்க வேண்டும். கூடுதல் ஆண்களைக் கழித்துவிடுங்கள் அல்லது தனியே அடையுங்கள். பெண் வாத்தே இல்லாமல் கோழிகளோடு ஒற்றை ஆண் வாத்தை விடுவது சரிவராது.

காரணம் புலப்படாமல் செத்தால்

புதைக்காமல், கையுறையோ பிளாஸ்டிக் பையோ மாட்டிய கையால் எடுத்து, இரட்டைப் பையில் கட்டி, ஐஸ் கட்டிகளோடு தெர்மாகோல் பெட்டியில் வையுங்கள். உறைபெட்டியில் வைத்தால் உள்ளுறுப்பு சிதைந்து எதுவும் தெரியாது. 24 மணி நேரத்துக்குள் நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியில் கொடுத்தால் அறுத்துப் பார்ப்பார்கள். சாகும் நிலையில் உயிரோடு ஒன்று இருந்தால் அதையும் கொண்டுபோங்கள். அதே வளாகத்தில் தீவனப் பகுப்பாய்வுக் கூடமும் இருக்கிறது. பூசண நச்சுக்குச் சோதிக்க அரை கிலோ தீவனம் எடுத்துக்கொள்ளுங்கள். மூட்டையின் மேல், நடு, அடி மூன்று இடத்திலிருந்தும் அள்ளிக் கலந்து, காகிதப் பையில் போடுங்கள். பிளாஸ்டிக் பையில் வேர்த்து, போய்ச் சேருமுன் வழியிலேயே பூசணம் பிடிக்கும். பையின் மேல் தீவனம் வாங்கிய தேதி, முதல் குஞ்சு செத்த தேதி, வேறு எந்தெந்த உயிர் அதே தீவனத்தைத் தின்கிறது என்பதையும் எழுதிவிடுங்கள்.